பின்கேட் வழியாக ஒரு வேலைநிறுத்தம்

— எரிமலையை எடுத்துடலாம் தலைவரே.

— வக்கீலம்மா, எரிமலைதான் இந்த வாக்குமூலத்தோட உயிரே!

— நாலாவது பத்தியில எரிமலை, ஆறாவதுல சூறாவளி, எட்டுல சுனாமி. இது கோர்ட்டுக்குக் கொடுக்கற வாக்குமூலமா, வானிலை அறிக்கையா?

— உழைக்கும் மக்களின் உள்ளக் குமுறலை வேற எப்படிம்மா சொல்றது?

— ‘எங்களை வேலையை விட்டு நீக்கினது தப்பு, வேலையைத் திரும்பக் கொடுங்க’ன்னு சொல்லலாம். ஒரு வரி.

— ஒரு வரியா! நாற்பத்து மூணு குடும்பம், பதினோரு மாசக் கண்ணீர், ஒரே வரியா?

— நீங்க எழுதின பதினேழு பக்கத்துல அந்த ஒரு வரியைத்தான் காணோம். விரல் வச்சுத் தேடினேன். ‘வரலாறு’ பதினாலு இடத்துல இருக்கு. வேலை வேணும்னு ஒரு இடத்துலகூட இல்ல.

— அது சொல்லாமலே விளங்கும்னு விட்டேன்.

— கோர்ட்ல சொன்னாலே விளங்காது. அப்புறம் இந்த ‘மனித மாண்புக்கான மாபெரும் எழுச்சி’ன்னா என்ன? ஸ்ட்ரைக் எதுக்குப் பண்ணினீங்கன்னு எங்கயுமே இல்லையே.

— அதாவதும்மா, நான் சொல்லலாமா? எங்க நில அளவை ஆபீஸ்ல ரெண்டாம் மாடிக்குக் கழிப்பறை கிடையாது. கேட்டுக் கேட்டு நாலு வருஷம் ஆச்சு. அதுக்குத்தான் ஸ்ட்ரைக்.

— யோவ் முத்திரை! கழிப்பறைன்னா வரலாற்றுல எப்படிய்யா நிக்கும்?

— கழிப்பறைன்னே எழுதுங்க தலைவரே. ஜட்ஜும் ரெண்டாம் மாடியிலதான் உட்கார்றாரு, அவருக்குப் புரியும். அப்படியே மனுதாரர் பேருக்கு முன்னாடி ‘போராட்டப் புயல்’னு இருக்கு பாருங்க, அதையும் அடிச்சுடறேன்.

— அது ஊழியர்கள் அன்போட கொடுத்த பட்டம்மா!

— நீங்களே மைக்ல உங்களுக்குக் கொடுத்துக்கிட்டதா என் குமாஸ்தா சொன்னாரு. சரி, அடுத்தது. ஐயா, நீங்க ஏன் நுனியில உட்கார்ந்திருக்கீங்க? நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. டீயும் ஆறிப்போச்சு.

— பரவாயில்லம்மா. இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. முறைப்படி பார்த்தா ‘பழுது’ன்னு ஒரு சீட்டு ஒட்டி வைக்கணும்.

— பார்த்தீங்களா வக்கீலம்மா? இதுதான் எங்க முத்திரை! சொந்தப் பேரு அவர் வீட்டுக்காரம்மாவுக்கே மறந்திருக்கும். தபால் பிரிவுல இருபத்தொன்பது வருஷம். இவர் முத்திரை குத்தற சத்தத்தைக் கேட்டுத்தான் ஆபீஸே டீக்குக் கிளம்பும். போராட்டத்தின் அச்சாணி! ஸ்ட்ரைக் நடந்த மூணு நாளும் இந்தக் கால் ஆபீஸ் வாசல்ல படல!

— தலைவரே, அது வந்து...

— அடக்கம்! பாருங்கம்மா, என்ன அடக்கம்!

— ரெண்டு பேரும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. நாளைக்குக் காலைல பத்தரைக்குக் கடைசி விசாரணை. நம்ம கையில இருக்கறது ஒரே வாதம். விளக்கம் கேட்காம நீக்கிட்டாங்கங்கறது. அவங்க, ‘அவசரம், கேட்கத் தேவையில்ல’ன்னு ஒரு சட்டப்பிரிவைக் காட்டுவாங்க. அந்தப் பிரிவு நல்லா கெட்டியா இருக்கு. மனசுல பட்டதைச் சொல்றேன், நாளைக்கு நாம தோத்துடுவோம். தோத்தா நாற்பத்து மூணு பேருக்கும் அந்த ஆபீஸ் கதவு ஆயுசுக்கும் மூடினதுதான்.

— தோல்வி என்கிற சொல் எங்கள் அகராதியிலேயே...

— அந்த அகராதியைத்தான் நேத்து முழுசாப் படிச்சேன்.

— கிண்டல் பண்ணாதீங்கம்மா. நிலம் அளக்கறவங்க ரெண்டு பேர் இப்ப ஜவுளிக்கடையில துணி அளக்கறாங்க. ஜீப் டிரைவர் பள்ளிக்கூட வேன் ஓட்டறாரு, பிள்ளைங்க எல்லாம் அவரை ‘வேனு’ன்னு கூப்பிடுதுங்க. என் வீட்டுல நான் பேச எழுந்தாலே, ‘எழுந்ததுதான் எழுந்தீங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் காயப்போடுங்க’ங்கறா. ஒரு தலைவனுக்கு இதுக்கு மேல என்னம்மா வரணும்?

— ஐயா, உங்க பாடு எப்படி?

— எனக்கென்னம்மா. வீட்ல இருக்கற எல்லாத்துக்கும் நம்பர் போட்டுட்டேன். உப்பு டப்பா, தலையணை, குடை எல்லாத்துக்கும். போன வாரம் மாப்பிள்ளை வந்தாரு, வருகை நேரம் எழுதச் சொன்னேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அது கிடக்கட்டும். ஆபீஸ்ல இப்ப டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைப் பென்சில்ல எழுதறாங்களாம்மா. பென்சில்ல! கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

— அந்த ரிஜிஸ்டருக்குத்தான் வர்றேன். நேத்து அரசு வக்கீல் நூத்திப் பத்து பக்கம் கொண்டாந்து கொடுத்தாரு. ‘ஸ்ட்ரைக் நடந்தாலும் எங்க ஆபீஸ் வழக்கம்போல நடந்தது, நீக்கல் உத்தரவு எல்லாம் முறையாத்தான் போச்சு’ன்னு காட்டறதுக்காக, மூணாம் நாள் எழுதின அத்தனை பதிவேட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க. இது டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர். நாற்பத்து மூணு கவர் போயிருக்கு.

— அப்படின்னா உள்ள ஒரு கருங்காலி இருந்திருக்கான்! ஊரே வெளியில நின்னப்ப உள்ள போய் வேலை செஞ்சிருக்கான்! எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துடுச்சும்மா. மூணாம் நாள் காலைலயே பிரசுரம் போட்டேன். ஒரு அச்சுக்கடைகூடத் திறக்காத நேரத்துல, இருநூறு பிரதி, சுடச்சுட ஆபீஸ் வாசல்ல! ‘கருங்காலியே, கேள்!’ தலைப்பைப் பார்த்தாலே புல்லரிக்கும்.

— படிச்சேன். மூணு எரிமலை.

— நாலு. யாரும்மா அவன்? கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?

— கையெழுத்து அருமையா இருக்கு தலைவரே. ஒவ்வொரு நம்பருக்கும் கீழ ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு. நேரம் நிமிஷ சுத்தமா இருக்கு. போன மாசம் எல்லாரோட பேரும் முகவரியும் கேட்டப்ப ஒரு பட்டியல் கொண்டாந்து கொடுத்தீங்கல்ல, அது இது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறேன். நீங்களே பாருங்க.

— கொடுங்க. இதுல ரெண்டு கோடு. இதுலயும் ரெண்டு கோடு. இந்தச் சுழி... அந்தச் சுழியும்... யோவ் முத்திரை, இந்தப் பட்டியலை எழுதினது யாரு?

— நான்தான் தலைவரே.

— அப்ப இது?

— அதுவும் நான்தான் தலைவரே.

— வக்கீலம்மா, கொஞ்சம் தண்ணி.

— எத்தனையோ தடவை சொல்ல வந்தேன் தலைவரே. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்க ‘அச்சாணி’ன்னுடறீங்க.

— நீயாய்யா? மேடையில உன் கையைத் தூக்கிப் பிடிச்சு ‘இந்தக் கை களங்கமில்லாத கை’ன்னு கத்தினேனேய்யா! மூணு நாள் தொண்டை கட்டிப்போச்சு!

— ஊழியர்களுக்கு ஒரு நல்லது நடந்தது. தலைவரே, நீங்க மெதுவாக் குடிங்க, ரெண்டு டம்ளர். ஐயா, நீங்க நடந்ததைச் சொல்லுங்க.

— மூணாம் நாள் காலைல எட்டே முக்காலுக்கு சூப்பிரண்டு போன் பண்ணினாரும்மா. ‘டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் எங்க இருக்கு, நாற்பத்து மூணு கவர் அனுப்பணும்’னாரு. இடத்தைச் சொன்னேன். அதோட விட்டிருந்தா நான் அசைஞ்சிருக்கவே மாட்டேன், சத்தியமா. ஆனா அவர், ‘கடைசி நம்பர் எதுன்னே புரியல, நான் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுக்கறேன்’னாரு.

— அதனால?

— என்னம்மா இப்படிக் கேட்கறீங்க! வருஷத்துக்கு நடுவுல ஒண்ணாம் நம்பர்! அப்புறம் ஒரே வருஷத்துல ரெண்டு ஒண்ணு, ரெண்டு ரெண்டு, ரெண்டு மூணு... இருபத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு அசிங்கம் நடந்ததில்ல. சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். பின்கேட் வழியா. ஒன்பதரைக்கெல்லாம் உள்ள இருந்தேன்.

— ஒரு நம்பருக்காக எங்க எல்லாரையும் வித்துட்டியேய்யா!

— விக்கல தலைவரே. உள்ள இருந்தாலும் நான் போராட்டத்துலதான் இருந்தேன். வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடல. ஸ்ட்ரைக்காச்சேன்னு மின்விசிறியைக்கூடப் போட்டுக்கல.

— கவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா ஐயா?

— முதல்ல தெரியாதும்மா. சீனியாரிட்டிப்படி அடுக்கி வச்சிருந்தாங்க. முதல் கவர்ல என் பேரு இருந்தது. பிரிச்சப்பதான் தெரிஞ்சுது.

— உன் டிஸ்மிஸ் ஆர்டரை நீயேவா அனுப்பினே?

— அனுப்பல தலைவரே. ஆள் நேர்ல இருந்தா தபால்ல அனுப்பக் கூடாது, ஸ்டாம்பு வீணாகும். முறைப்படி கையில கொடுத்து, நேரம் போட்டு, கையெழுத்து வாங்கணும். அதனால எனக்கு நானே கொடுத்தேன். நானே வாங்கிக்கிட்டேன்.

— அழுதீங்களா ஐயா?

— கொஞ்சம். ரிஜிஸ்டர் மேல படாம.

— அழுதுட்டு எங்க நாற்பத்திரண்டு பேருக்கும் உட்கார்ந்து ஒட்டினியாக்கும்!

— எழுதினேன், ஒட்டினேன், முத்திரை போட்டேன். உங்க கவர்ல கதவு எண் பதினாறுன்னு தப்பா இருந்துச்சு தலைவரே. உங்களோடது அறுபத்தொண்ணாச்சே. நான்தான் திருத்தினேன்.

— அடப்பாவி மனுஷா! நீ திருத்தாம இருந்தா அது எனக்கு வந்தே சேர்ந்திருக்காதே!

— ஆபீசுக்குத் திரும்பி வந்திருக்கும் தலைவரே. திரும்பி வர்ற தபாலுக்குத் தனி ரிஜிஸ்டர், தனி நம்பர். ரொம்பச் சிக்கல்.

— அன்னைக்கு நான் என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன் வக்கீலம்மா, ‘எதிரியா இருந்தாலும் முகவரியை எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாரு’ன்னு!

— ரொம்ப நன்றி தலைவரே.

— நன்றியாம்ல! சிரிக்காதீங்கம்மா! நாளைக்கே சங்கத்தைக் கூட்டி இவரை... என்னம்மா, ஏன் திடீர்னு எழுந்து நின்னுட்டீங்க?

— ஐயா, முதல் வரியில பத்து நாற்பதுன்னு போட்டிருக்கே. என்னது இது?

— என் ஆர்டரை நான் வாங்கின நேரம்மா.

— ரெண்டாவது வரி?

— பத்து நாற்பத்து மூணு. ஜீப் டிரைவரோடது. கடைசியா தலைவரோடது, பன்னெண்டு அஞ்சு. கதவு எண்ணைச் சரிபார்க்கக் கொஞ்சம் நேரமாயிடுச்சு.

— அந்த ஆர்டர்ல கடைசி வரி ஞாபகம் இருக்கா?

— ‘இவ்வுத்தரவு ஊழியரின் கைக்குக் கிடைத்த நிமிடத்திலிருந்து அமலுக்கு வருகிறது.’

— அப்ப பத்து நாற்பத்து மூணுக்கு அந்த ஆபீஸ்ல நீங்க யாரு?

— நான் வந்து... அதாவது... முறைப்படி பார்த்தா... ஐயையோ!

— சொல்லுங்க.

— வெளி ஆள்.

— உங்க ஆபீஸ் விதிப்படி டெஸ்பாட்ச் யார் பண்ணணும்?

— பணியில இருக்கற ஊழியர் மட்டும்தான். பதினாலாம் விதி. வெளி ஆள் அனுப்பின தபால் செல்லாது. ஐயோ அம்மா, என் கையாலயே நாற்பத்திரண்டு செல்லாத தபால் போயிருக்கே! நான் இனிமே எந்த முகத்தோட...

— எனக்கு ஒண்ணும் விளங்கல. யாராவது மனுஷ பாஷையில சொல்லித் தொலைங்க.

— தலைவரே, ஐயா முதல்ல தன்னை வேலையை விட்டு அனுப்பிட்டாரு. அந்த நிமிஷமே அவர் ஊழியர் இல்ல. அதுக்கப்புறம் அவர் அனுப்பினது எல்லாம் ரோட்ல போறவர் எழுதிப்போட்ட கடுதாசி மாதிரி. நாற்பத்திரண்டு ஆர்டரும் செல்லாது. உங்களோடதும் செல்லாது. அரசு வக்கீலே அதுக்குச் சாட்சியம் கொண்டாந்து என் மேசையில வச்சுட்டுப் போயிருக்காரு. நீங்க பதினோரு மாசமா வேலையிலதான் இருக்கீங்க!

— நானா? பதினோரு மாசமா ஒரு வேலையும் செய்யாம வேலையில இருக்கேனா?

— அதுல உங்களுக்கு ஏற்கெனவே பல வருஷ அனுபவம் இருக்கறதா கேள்வி.

— என்ன வேணா சொல்லுங்கம்மா! இன்னைக்கு என்ன வேணா சொல்லுங்க! எரிமலை... வேண்டாம், எரிமலையை அடிச்சுடுங்க, புயலையும் அடிச்சுடுங்க! முத்திரை, எழுந்திருய்யா! இங்க வா, கட்டிப் பிடிக்கணும்!

— பார்த்து தலைவரே, அந்த நாற்காலிக் கால்...

— கிடக்குதுய்யா கால்!

— உடைஞ்சே போச்சு தலைவரே.

— போகட்டும்! வக்கீலம்மா, இவர் கருங்காலி இல்லம்மா. இவர்... இவர் வந்து...

— அச்சாணி?

— அதேதான்! வாயில வரமாட்டேன்னுடுச்சு!

— சரி, அடுத்தது. சந்தோஷத்துக்கு நடுவுல ஒரு முள். நாற்பத்திரண்டு செல்லாது. ஒண்ணு செல்லும்.

— எது?

— என்னோடது தலைவரே. பத்து நாற்பதுக்கு நான் பணியிலதான் இருந்தேன். பணியில இருக்கற ஊழியர், முறைப்படி நேரம் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்காரு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

— அப்ப நாங்க எல்லாம் உள்ள போவோம், நீ மட்டும் வெளியிலயா?

— பரவாயில்ல தலைவரே. நாற்பத்திரண்டு பெரிசா, ஒண்ணு பெரிசா? நீங்க உள்ள போனதும் முதல் வேலையா அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. என் மேசையில இடது பக்க டிராயர்ல மூணு பேனா இருக்கு. நீலம் ரெண்டு, சிவப்பு ஒண்ணு. சிவப்பு அவசரத் தபாலுக்கு மட்டும்.

— நிறுத்துய்யா. நீ வராத ஆபீசுக்கு நானும் போகமாட்டேன்.

— இன்னொரு தடவை சொல்லுங்க தலைவரே.

— இவர் வராம நான் போகமாட்டேன்மா. அவ்வளவுதான்.

— பதினேழு பக்கத்துல நான் தேடினது இந்த மாதிரி ஒரு வரியைத்தான். சரி, வழி இருக்கு. ஐயா, உங்க ஆர்டர்ல நீக்கினதுக்குக் காரணம்னு என்ன போட்டிருக்காங்க?

— ‘இன்று அலுவலகத்துக்கு வராமல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதால்.’

— வராதவருக்கு, ஆபீசுக்குள்ளயே, அவர் மேசையிலயே வச்சுக் கொடுத்திருக்காங்க! காரணமே பொய்னா ஆர்டரும் போச்சு.

— அப்ப நானும் உள்ள போகலாமாம்மா?

— போகலாம். ஆனா நீங்க அன்னைக்கு உள்ள இருந்தீங்கன்னு எல்லார் முன்னாடியும் கூண்டுல ஏறிச் சொல்லணும்.

— எல்லார் முன்னாடியுமா? டிரைவர் இருப்பாரு, அளவைக்காரங்க இருப்பாங்க...

— நீ சொல்லுய்யா! பக்கத்துல நான் நிக்கறேன்! உன்னை எவன் என்ன சொல்றான்னு பார்க்கறேன்!

— அவர் சொன்னா மட்டும் போதாது தலைவரே. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் சூப்பிரண்டு, ‘இவர் ஆபீசுக்கே வரல, ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொடுத்து விட்டு எழுதி வாங்கினோம்’னு அடிச்சு விடுவாரு. பத்து நாற்பதுக்கு முன்னாடி ஐயா ஆபீசுக்குள்ளதான் இருந்தாருன்னு நிரூபிக்க இன்னொரு ஆள் வேணும். ஐயா, அன்னைக்கு உள்ள வேற யாராவது இருந்தாங்களா?

— வேண்டாம்மா.

— வேண்டாம்னா? இருந்தாங்களா, இல்லையா?

— ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. அவர் என்னைப் பார்க்கல, நான் உள் ரூம்லேர்ந்து பார்த்தேன். பாவம்மா, மரியாதையான மனுஷன். விட்டுடுங்க.

— இன்னொரு கருங்காலியா! எவனா இருந்தாலும் சரி, நாளைக்குக் காலைல அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து கூண்டுல நிறுத்தறது என் பொறுப்பு! சங்கக் கொடி மேல ஆணை! எழுதிக்கோங்கம்மா!

— எழுதிக்கிட்டேன்.

— தலைவரே, கொடியை எல்லாம் இதுல இழுக்காதீங்க.

— ஆணைன்னா ஆணைதான்! பேரைச் சொல்லுய்யா!

— அவர் சொல்ல வேண்டாம் தலைவரே. இவர் கண்ணுல பட்ட எதையும் எழுதாம விட்டிருக்க மாட்டாரு, இந்த நூத்திப் பத்து பக்கத்துல எங்கயாவது இருக்கும். இதோ, எழுபத்தெட்டாம் பக்கம். ஜெராக்ஸ் மிஷின் ரிஜிஸ்டர். இதை யார் படிப்பாங்கன்னு தாண்டிப் போயிட்டேன். அதே கையெழுத்து, அதே ரெண்டு கோடு. ‘காலை பத்து மணி ஐந்து நிமிடம்.’ ஐயா, நீங்க உள்ள இல்லாம இதை எழுதியிருக்கவே முடியாது! அந்த ஆள் நாளைக்கு வந்து ‘ஆமா, அது நான்தான்’னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும், உங்க வேலை உங்களுக்கு. ‘பிரதிகள் இருநூறு.’

— எத்தனைம்மா?

— இருநூறு. ‘பொருள்: கருங்காலியே, கேள்.’

— வக்கீலம்மா, அந்தத் தண்ணியை இன்னொரு டம்ளர்...

— இருங்க தலைவரே. பிரதி எடுத்தவர் பேருங்கற கட்டம் மட்டும் ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு. ஐயா, அசல் ரிஜிஸ்டர்ல அந்தக் கட்டத்துல என்ன இருக்கு?

— மன்னிச்சுக்கணும் தலைவரே, நீங்க அவசரத்துல எழுதாமலே ஓடிட்டீங்க; கட்டம் காலியா இருக்கக் கூடாதேன்னு உங்க பேரை நானே முழுசா எழுதி வச்சுட்டேன், ‘போராட்டப் புயல்’ உட்பட.